மார்பக அடர்த்தி ‘சி’ என்று ரிப்போர்ட் வந்தால்: மேமோகிராம் போதுமா, ஸ்கேனா, எம்ஆர்ஐயா?

அக்காவுக்கு 46 வயது. போன ஆவணியில்தான் முதன்முறையாக மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்துக்கொண்டாள். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறியவள் அங்கிருந்தே போன் செய்தாள். “‘சி’ன்னு போட்டிருக்குடீ. அப்போ ஏ, பி எல்லாம் தாண்டிப் போயிடுச்சா?” குரலே சரியில்லை. சாயங்காலம் போய்க் கவரைப் பிரித்துப் பார்த்தேன். அதில் இரண்டு குறிகள் இருந்தன. நடுவில் ‘மார்பக அடர்த்தி: வகை சி’. கடைசி வரியில் ‘பைராட்ஸ் 2’. அவள் பயந்தது எழுத்தைப் பார்த்து. அவள் கேட்ட கேள்விக்குப் பதில் எண்ணில் இருந்தது.

இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு வருகிறது. பைராட்ஸ் என்பது படத்தில் தெரிந்ததைத் தரம்பிரிக்கும் எண், 0 முதல் 6 வரை போகும். புற்று இருக்கிறதா என்ற சந்தேகத்தைச் சொல்வது அதுதான். 1, 2 என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. 3 என்றால் ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கவேண்டும். 4, 5 என்றால் பயாப்சி, அதாவது துளி திசுவை எடுத்துச் சோதிப்பது. 0 என்றால் ‘இந்தப் படம் போதவில்லை, இன்னொன்று வேண்டும்’ என்று பொருள். ஏ, பி, சி, டி என்ற எழுத்து நோயைப் பற்றியதே இல்லை. உள்ளே இருக்கும் திசு எப்படிப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறது. ஏ கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு, டி மிக அடர்த்தி. அமெரிக்காவில் மேமோகிராம் எடுக்கும் பெண்களில் சுமார் 10 சதவீதம் ஏ, 40 பி, 40 சி, மீதி 10 டி. ஆக, பாதிப் பேர் சியிலோ டியிலோதான் இருக்கிறார்கள். ஆசியப் பெண்களிடமும், இளவயதினரிடமும், ஒல்லியானவர்களிடமும் இது இன்னும் கூடுதல்.

சரி, நோய் இல்லை என்றால் எதற்கு எழுதுகிறார்கள்? அதைப் புரிந்துகொள்ளாமல் அடுத்து எந்தப் பரிசோதனை என்று முடிவெடுக்க முடியாது. அதனால் கொஞ்சம் உள்ளே போகலாம்.

மார்பகத்துக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. பால் சுரக்கும் நுண்ணறைகளும் அவற்றிலிருந்து காம்புக்கு வரும் குழாய்களும் ஒன்று. அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் நார்த்திசு இரண்டு. மிச்ச இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கொழுப்பு மூன்று. எக்ஸ்ரே கதிர் கொழுப்பைச் சுலபமாகக் கடந்துவிடும். அதனால் படத்தில் கொழுப்பு கறுப்பாக விழுகிறது. சுரப்பியும் நாரும் கதிரைத் தடுப்பதால் வெள்ளையாக விழுகின்றன. அந்த வெள்ளை எவ்வளவு என்பதே அடர்த்தி. தொட்டுப் பார்த்தோ அளவை வைத்தோ இதைச் சொல்ல முடியாது.

இதில் சிக்கல், புற்றுக்கட்டியும் எக்ஸ்ரேயில் வெள்ளை. எங்கள் பாட்டி முறத்தில் அரிசி பொறுக்கும்போது கருங்கல் உடனே அகப்பட்டுவிடும். தப்பிப்பது வெள்ளைக் கல்தான். பல்லில் கடிபட்ட பிறகுதான் அது இருந்ததே தெரியும். கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் பத்துப் புற்றில் ஒன்பதை மேமோகிராம் பிடித்துவிடும் என்றால், டி வகையில் ஆறோ ஏழோதான் பிடிபடும். மற்றவை, ‘எல்லாம் நார்மல்’ என்று ரிப்போர்ட் வாங்கிய சில மாதங்களில் கையில் தட்டுப்படும் கட்டியாக வெளியே வரும். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் நான்சி கேப்பெல்லோவுக்கு நடந்தது இதுதான். வருடா வருடம் மேமோகிராம், வருடா வருடம் நார்மல். 2004இல் மருத்துவர் கையில் ஏதோ தட்டுப்பட, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் புற்று நிணநீர்க் கணுக்கள் வரை போயிருந்தது. அடர்த்தியைப் பற்றி அவரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அவருடைய விடாமுயற்சியால் 2009இல் அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது. 2024 செப்டம்பர் முதல் அமெரிக்கா முழுவதும் அடர்த்தியைப் பெண்ணிடம் எழுத்தில் சொல்லியே ஆகவேண்டும்.

இது மறைக்கும் சிக்கல். இரண்டாவது சிக்கல் வேறு: அடர்த்தியான திசுவில் புற்று உருவாகும் வாய்ப்பே கொஞ்சம் கூடுதல். டெட்ராய்ட்டைச் சேர்ந்த கதிரியக்க மருத்துவர் ஜான் வுல்ஃப் 1976இலேயே இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. மறைந்திருந்தது பிறகு வெளிப்பட்டால் அப்படித்தானே தோன்றும் என்றார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படும் புற்றுகளிலும் அதே தொடர்பு தெரிந்தது. கனடாவில் நார்மன் பாய்டும் குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இரண்டு சிக்கலையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. மார்பகத்தில் முக்கால் பங்குக்கு மேல் வெள்ளையாக இருந்தவர்களுக்கு, பத்தில் ஒரு பங்குகூட இல்லாதவர்களைவிட ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு. நார்மல் ரிப்போர்ட் வந்து 12 மாதத்துக்குள் வெளிப்பட்ட புற்றை மட்டும் எடுத்தால் 17 மடங்குக்கும் மேல். அந்தப் பெரிய எண் முக்கியமாக மறைப்பின் வேலை. ஆண்டுகள் போனபின்னும் மிஞ்சுவது திசுவின் வேலை.

திசு என்ன செய்கிறது? பெரும்பாலான மார்பகப் புற்றுகள் குழாயின் நுனியும் நுண்ணறையும் சேரும் இடத்தில் தொடங்குகின்றன. அடர்த்தி கூடுதல் என்றால் அந்தச் செல்களும் கூடுதல். மாதவிடாய்ச் சுழற்சி ஒவ்வொன்றிலும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் சொல்ல, பிரிந்து பெருகுபவை அவைதான். பிரியும்போதெல்லாம் பிழை நேர ஒரு வாய்ப்பு. ஆனால் வெள்ளையில் பெரும்பங்கு செல்கூட இல்லை. கொலாஜன் என்ற நார்தான். இது வெறும் பந்தல்கால் இல்லை. சுற்றியுள்ள நார் இறுகி விறைப்பானால் செல் அதை உணர்கிறது, பெருகச் சொல்லும் சமிக்ஞைகள் உள்ளே தூண்டப்படுகின்றன. கொலாஜன் கூடுதலாகச் சேரும்படி செய்த எலிகளில் கட்டிகள் ஏறக்குறைய 3 மடங்கு உண்டானதாக 2008இல் ஒரு சோதனை காட்டியது.

இங்கே ஒரு முரண் இடிக்கும். வயது ஏற ஏற, குறிப்பாக மாதவிடாய் நின்றபின், அடர்த்தி குறைகிறது. புற்றோ வயதோடு கூடுகிறது. எப்படி? ஒரு நாள் மழையை வைத்து ஏரியின் மட்டத்தைச் சொல்ல முடியாது அல்லவா, அதுபோல. எத்தனை ஆண்டுகள் எவ்வளவு அடர்த்தியோடு இருந்தோம் என்ற மொத்தக் கணக்குதான் பொருட்டு என்பது இப்போதுள்ள விளக்கம். அந்தக் கணக்கில் பெரும்பங்கு பிறப்பிலேயே எழுதியாகிவிட்டது. இரட்டையர்களிடம் செய்த ஆய்வில், பெண்ணுக்குப் பெண் அடர்த்தி வேறுபடுவதில் 60 சதவீதத்துக்கு மேல் மரபணு சார்ந்தது என்று தெரிந்தது. குழந்தைப்பேறு அடர்த்தியைக் குறைக்கும், ஹார்மோன் மாத்திரை கூட்டும். ‘நான் என்ன சாப்பிட்டதால் இப்படி?’ என்று அக்கா கேட்டதற்கு என்னிடம் இருந்த பதில் இவ்வளவுதான். அம்மாவைத்தான் கேட்கவேண்டும்.

அந்த 5 மடங்கு என்ற எண்ணைப் பார்த்துப் பதறவேண்டாம். அது இரண்டு எதிரெதிர் எல்லைகளை ஒப்பிட்டது. கொழுப்பு மட்டுமே உள்ள ஏ வகையினர் பத்தில் ஒருவர்தான். நடுவில் நிற்கும் பெண்ணோடு ஒப்பிட்டால் டி வகைக்கு ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ புற்று வந்திருந்தால் கூடும் அளவும் ஏறக்குறைய இதுதான். சி வகைக்கு ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மடங்கு, அவ்வளவே. இன்னொன்று, ஏ என்று வந்தவர்கள் காலாட்டிக்கொண்டு உட்கார முடியாது. மாதவிடாய் நின்றபின் உடல் எடை கூடுவதும் தனியே ஓர் ஆபத்து.

எழுத்தையும் கல்லில் செதுக்கியதாக நினைக்கவேண்டாம். பெரும்பாலும் கண்பார்வையில்தான் போடுகிறார்கள். அமெரிக்காவில் 83 கதிரியக்க மருத்துவர்களை ஒப்பிட்டபோது, ஒருவர் தாம் பார்த்த பெண்களில் 6 சதவீதத்தினரைத்தான் அடர்த்தி என்றார், இன்னொருவர் கிட்டத்தட்ட 85 சதவீதத்தினரை. பி வகைக்கும் சி வகைக்கும் நடுவில் உள்ள கோடு மெல்லியது. டி என்பதில் அவ்வளவு கருத்து வேறுபாடு வருவதில்லை.

இப்போது தேர்வுகளுக்கு வரலாம். நான் ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைத்தான் வைத்தேன்: நீ மறைப்பை விலக்குகிறாயா, ஆபத்தைக் குறைக்கிறாயா?

மேமோகிராமோடு நிறுத்திக்கொள்வது முதல் வழி. சாதாரண ஆபத்துள்ள பி வகையினருக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் எண்ணம். சி வகைக்கு இது குறைவான வழி, தவறான வழி இல்லை. இருக்கிற பரிசோதனைகளில் இறப்பைக் குறைக்கும் என்று பெரிய ஆய்வுகளில் நிரூபணமான படம் மேமோகிராம் மட்டும்தான். 40 முதல் 74 வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கச் சொல்லும் அமெரிக்க வல்லுநர் குழு, அடர்த்திக்காகக் கூடுதல் பரிசோதனை வேண்டுமா என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2024இல் சொல்லிவிட்டது. வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனிக்கவும்.

முப்பரிமாண மேமோகிராம் என்பதும் எக்ஸ்ரேதான். கருவியின் எக்ஸ்ரே குழாய் வளைந்து போய்ப் பல கோணங்களில் எடுத்து, ரொட்டியைத் துண்டு போட்டதுபோல அடுக்கடுக்காகக் காட்டும். ஒன்றின்மேல் ஒன்று படிந்து மறைப்பது குறையும். வீணாகத் திரும்ப அழைப்பதும் குறையும். கிடைக்கும் இடத்தில், விலை பெரிய வித்தியாசம் இல்லையென்றால், இதையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் டி வகைக்கு இதில் கிடைக்கும் லாபம் குறைவு. ஒவ்வொரு அடுக்குமே வெள்ளையாக இருந்தால் என்ன செய்வது?

அல்ட்ராசவுண்டில்தான் வண்ணமே மாறுகிறது. ஒலி அலையில் சுரப்பித்திசு வெளிறித் தெரியும், புற்றுக்கட்டி பெரும்பாலும் கருமையாகத் தெரியும். முறத்திலிருந்த வெள்ளைக் கல் கருங்கல்லாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, சிறு ஊரிலும் கிடைக்கும். நம் பெண்களுக்கு நெருக்கமான சான்று ஜப்பானிலிருந்து வருகிறது. அங்கேயும் மார்பகம் சிறிது, அடர்த்தி கூடுதல், புற்று வரும் வயதும் மேற்கைவிட இளமை. 40களில் உள்ள சுமார் 73,000 பெண்களைப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. மேமோகிராம் மட்டும் எடுத்த பிரிவில் நூற்றுக்கு 77 புற்றுகள் பிடிபட்டன. அல்ட்ராசவுண்டையும் சேர்த்த பிரிவில் 91. ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில் முளைத்த புற்றுகள் 35இலிருந்து 18ஆகக் குறைந்தன. இதற்கு ஒரு பாதகமும் உண்டு. புற்று இல்லாமலே மேல்பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு 86ஆக இருந்தது 123 ஆனது.

அல்ட்ராசவுண்டில் எனக்கு இருக்கும் பயம் வேறு. பார்ப்பவரின் கைக்குத் தகுந்தபடிதான் அது பேசும். ஐந்து நிமிடத்தில் இரண்டு பக்கமும் ஓட்டிவிட்டு ‘நார்மல்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், கால்மணி நேரத்துக்கு மேல் ஒவ்வொரு பக்கமாகத் தடவித் தடவிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். வயிற்று ஸ்கேனே அதிகம் பார்க்கும் இடத்தைவிட, மார்பக ஸ்கேன் தினமும் பார்க்கும் இடம் மேல். இன்னொரு எச்சரிக்கை: ‘மேமோகிராம் வலிக்கிறது, ஸ்கேன் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்’ என்று பலர் சொல்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பால்குழாய்க்குள்ளேயே இருக்கும் ஆரம்பப் புற்று பல நேரம் உப்புத்தூள் தூவியதுபோலச் சுண்ணாம்புப் புள்ளிகளாக மட்டும் தெரியும். அதைப் பார்க்கும் கண் மேமோகிராமுக்குத்தான் உண்டு. ஸ்கேன் அதோடு சேரவேண்டியது, அதற்கு மாற்று அல்ல.

எம்ஆர்ஐயின் வழியே தனி. அது வெள்ளையா கறுப்பா என்று பார்ப்பதில்லை. ரத்தநாளத்தில் ஏற்றும் சாயத்தை எந்த இடம் அவசரமாக உறிஞ்சுகிறது என்று பார்க்கிறது. வளரும் கட்டி தனக்கென்று புது ரத்தக்குழாய்களை இழுத்துக்கொள்ளும், அவை ஒழுகும் குழாய்கள். அங்கே சாயம் முதலில் பளிச்சிடும். திசு எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் இதற்குக் கவலையில்லை. நெதர்லாந்தில் 50 முதல் 75 வயதுவரை உள்ள, மேமோகிராமில் நார்மல் வந்த டி வகைப் பெண்கள் 40,000 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. எம்ஆர்ஐ எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு 16 பேருக்கு மேல் புற்று கண்டுபிடிக்கப்பட்டது. மேமோகிராம் பார்த்துக் கைவிட்ட புற்றுகள் அவை. இடைவெளிப் புற்று, எம்ஆர்ஐக்கு அழைக்கப்படாத பிரிவில் ஆயிரத்துக்கு 5, அழைக்கப்பட்ட பிரிவில் 2.5. அழைத்தவர்களில் சுமார் 59 சதவீதத்தினர்தான் வந்தார்கள், வந்து எடுத்துக்கொண்டவர்களிடம் மட்டும் பார்த்தால் 0.8. ஆனால் முதல் சுற்றில் ஆயிரத்துக்கு 80 பேர் காரணமில்லாமல் கலங்கவேண்டி வந்தது. இரண்டாவது சுற்றில், ஒப்பிடப் பழைய படம் கையில் இருந்ததால், அது 26ஆகக் குறைந்தது.

நானே ஒருமுறை எம்ஆர்ஐக்குள் போயிருக்கிறேன், வேறு காரணத்துக்காக. மார்பக எம்ஆர்ஐ என்றால் குப்புறப் படுக்கவேண்டும், பலகையிலுள்ள இரண்டு பள்ளங்களில் மார்பகங்கள் தொங்கவேண்டும், கையில் ஊசி, காதில் தச்சுப்பட்டறை இரைச்சல், அரைமணி நேரம் அசையக்கூடாது. மூடிய இடம் என்றால் மூச்சு முட்டுபவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. மாதவிடாய் உள்ளவர்கள் சுழற்சியின் இரண்டாவது வாரத்தில் எடுப்பது நல்லது, மற்ற நாட்களில் நல்ல திசுவே சாயத்தை உறிஞ்சிக் குழப்பும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும். மேமோகிராமைவிடச் செலவு பல மடங்கு. பத்து நிமிடத்தில் முடியும் சுருக்க எம்ஆர்ஐயும் இப்போது வந்திருக்கிறது.

சாயமேற்றிய மேமோகிராம் என்றும் ஒன்று உண்டு. அயோடின் சாயத்தை ஏற்றிவிட்டு அதே மேமோகிராம் கருவியில் எடுப்பது. 2025இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு அல்ட்ராசவுண்ட், எம்ஆர்ஐ, இது என்ற மூன்றையும் நேருக்கு நேர் நிறுத்தியது. மேமோகிராமில் நார்மல் வந்த சி, டி பெண்களிடம் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட புற்று ஆயிரத்துக்கு இத்தனை: தானியங்கி அல்ட்ராசவுண்டில் 4, சுருக்க எம்ஆர்ஐயில் 17, சாயமேற்றிய மேமோகிராமில் 19. எம்ஆர்ஐக்குள் படுக்க முடியாதவர்களுக்குச் சாயமேற்றிய மேமோகிராம் நல்ல வழி. அயோடின் ஒவ்வாமையும் சிறுநீரகமும்தான் கவனிக்கவேண்டியவை.

எண்ணை மட்டும் பார்த்தால் எம்ஆர்ஐயும் சாயமும் ஜெயித்துவிட்டன. ஆனால் கூடுதலாகக் கண்டுபிடித்ததால் கூடுதலாக உயிர் பிழைத்தார்கள் என்று இன்னும் எந்த ஆய்வும் காட்டவில்லை. கண்டுபிடித்தவற்றில் சில, விட்டிருந்தால் தொல்லையே தராதவையாகவும் இருக்கலாம். ஐரோப்பிய மார்பகப் படவியல் சங்கம் டி வகைப் பெண்களுக்கு 50 முதல் 70 வயதுவரை குறைந்தது 4 ஆண்டுக்கு ஒருமுறை எம்ஆர்ஐ என்று 2022இல் பரிந்துரைத்தது. அமெரிக்கக் குழு காத்திருக்கிறது. டி வகை என்றால் நான் ஐரோப்பியர் பக்கம். சி வகைக்கு எம்ஆர்ஐ என்று கடன் வாங்கி ஓடவேண்டாம் என்பேன். ஒருவருடைய அம்மாவுக்கும் அக்காவுக்கும் புற்று, அல்லது மார்பகப் புற்று ஆபத்தை வெகுவாகக் கூட்டும் பிஆர்சிஏ மரபணுப் பிறழ்வு என்றால் பேச்சே வேறு. எழுத்து என்னவாக இருந்தாலும் அவர்களுக்கு எம்ஆர்ஐ வேண்டும், அதுவும் இளவயதிலிருந்தே.

இதுவரை சொன்ன எல்லாமே முதல் சிக்கலான மறைப்புக்குத்தான். ஆபத்தையே குறைப்பது, மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் தமாக்ஸிஃபென் மாத்திரை. பிரிட்டன் தலைமையில் நடந்த தடுப்பு ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களில் அடர்த்தி 10 சதவீதப் புள்ளியாவது குறைந்தவர்களுக்குப் புற்று 63 சதவீதம் குறைந்தது. குறையாதவர்களுக்குப் பெரிய பலனில்லை. அடர்த்தி வெறும் நிழல் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஆனால் 20 மில்லிகிராம் மாத்திரையில் உடம்பு திடீர் திடீரென்று எரியும், ரத்தம் உறையும் ஆபத்து உண்டு, கருப்பை உட்சுவரில் புற்று வரும் சிறு ஆபத்தும் உண்டு. ஸ்வீடனில் 2.5 மில்லிகிராமே மாதவிடாய் நிற்காத பெண்களின் அடர்த்தியை அதே அளவு குறைப்பதாக 2021இல் காட்டினார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனாலும் அடர்த்தி என்ற ஒரே காரணத்துக்காக இன்று யாரும் மாத்திரை தொடங்கவேண்டியதில்லை.

படமே எடுக்க வசதியில்லாதவர்களை விட்டுவிட்டு இதை முடிக்க மனமில்லை. நம் நாட்டில் எல்லாருக்குமான மேமோகிராம் திட்டம் கிடையாது. அரசுத் திட்டத்தில் இருப்பது 30 முதல் 65 வயதுவரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை செவிலியரோ மருத்துவரோ கையால் பார்ப்பது. அதை இளக்காரமாக நினைக்கவேண்டாம். மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பயிற்சி பெற்ற பெண்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததில், 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்று இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. கைக்கு வெள்ளையும் கறுப்பும் தெரியாது. வெப்பப் படம் எடுத்துப் புற்றைச் சொல்கிறோம் என்று முகாம் போடுபவர்களிடம் மட்டும் மேமோகிராமுக்குப் பதிலாகப் போய் நிற்காதீர்கள்.

அக்காவுக்கு வகை சி. அம்மாவுக்கு ஒன்றுமில்லை, சித்திக்கு 60 வயதுக்கு மேல் வந்தது. எம்ஆர்ஐ வேண்டாம் என்று முடிவெடுத்தோம். வருடம் ஒரு மேமோகிராம், கூடவே அல்ட்ராசவுண்ட், இரண்டும் ஒரே இடத்தில். ஸ்கேன் பார்த்த மருத்துவர் இடப்பக்கம் ஓரிடத்தில் கருவியை நிறுத்தி, திருப்பி, அழுத்தி, மறுபடி திருப்பினார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீர்க்கட்டிதான்மா, உள்ளே தண்ணி மட்டும்தான்” என்றார் அவர், திரையை எங்கள் பக்கம் திருப்பி. விளிம்பு தெளிவாக, முழுக்கக் கறுப்பாக, ஒரு நாவற்பழம்போல இருந்தது. வெளியே வந்ததும் அக்கா ஸ்கேன் படத்தையும் பழைய கவரிலேயே போட்டாள். அடுத்த முறை ஒப்பிடப் பழைய படங்கள் இல்லாவிட்டால் பாதிப் பலன் போய்விடும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். கவரின்மேல் மார்க்கரால் ‘சி, 2, அடுத்த ஆவணி’ என்று எழுதி, பட்டுப்புடவைகளுக்கு அடியில் நிலப்பத்திரம் இருக்கும் தட்டில் வைத்துப் பூட்டினாள்.